புல்லுக்கடியில் ஊகம்

நியூயார்க் நகருக்குத் தென்கிழக்கே, ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் ரேனால்ட்ஸ் கால்வாய் என்று நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்தீவில் லிடோ பீச் என்றோர் ஊர் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் அந்த ஊரின் தரையை ஓர் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அமெரிக்காவின் நிலவியல் அளவைத் துறை, விமானத்திலிருந்து லேசரால் அளந்த உயரத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கிறது. அந்த மாதிரித் தரவைத் துப்புரவு செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. என்றாலும் அன்றிரவு நான் தேடியது ஒரு கோல்ஃப் மைதானத்தை. 1917இல் திறந்து, 1942இல் அமெரிக்கக் கடற்படையின் கைக்குப் போய், அத்தோடு அழிந்த மைதானம்.

இந்த வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். லைடார் என்பது ஒளியால் அளக்கிற அளவுகோல். விமானம் பறந்துகொண்டே ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான லேசர்த் துடிப்புகளைக் கீழே அனுப்பும். ஒவ்வொன்றும் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கு வைக்கும். ஒரு நானோநொடி வித்தியாசம் என்றால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரே துடிப்பு மரத்தின் மேல் விழுந்தால், ஒரு பங்கு உச்சி இலையில் பட்டுத் திரும்பும்; இன்னொரு பங்கு கிளைகளின் இடைவெளியில் இறங்கி மண்ணைத் தொட்டுத் திரும்பும். திரும்பி வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் நாங்கள் ஓர் எண் போடுவோம். 6 என்றால் கட்டடம். 5 என்றால் உயர்ந்த மரம். 2 என்றால் தரை. மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு 2ஐ மட்டும் விட்டுவைத்தால் காடும் வீடும் போய் வெறும் மண் நிற்கும். அதன்மேல் வடமேற்கிலிருந்து கணினி ஒரு செயற்கை வெயிலை அடிக்கும்போது, நடந்துபோனால் காலுக்குக்கூடத் தெரியாத மேடும் நிழல் விழுத்தி எழும். பெலீஸ் நாட்டுக் காட்டுக்குள் கராகோல் என்ற மாயன் நகரத்தின் படிவயல்களும் சாலைகளும் 2009இல் இப்படித்தான் தெரியவந்தன. கைவிடப்பட்டுக் காடேறிய கோல்ஃப் மைதானங்களும் இந்த வெயிலில் எழுவதுண்டு. தூர்த்துவிட்ட மணற்குழி அகலமான தட்டுப்போலத் தெரியும். பந்தைக் குழியில் தள்ளும் இடமான ‘கிரீன்’, சுற்றியிருக்கும் தரையைவிட ஒரு முழம் உயர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். மண்ணை யாரும் தோண்டிப் புரட்டாமல் இருந்தால் போதும், அது எதையும் எளிதில் மறப்பதில்லை.

லிடோவில் ஒன்றும் எழவில்லை. நேர்நேரான தெருக்கள், நிரவிய மனைகள், பள்ளிக்கூட வளாகம், கடற்கரையில் 1929இல் கட்டிய பெரிய ஹோட்டல். அந்த ஹோட்டல் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வெயிலின் கோணத்தை மாற்றினேன், உயரத்தை ஐந்து மடங்கு மிகைப்படுத்தினேன், பலனில்லை. கிடைத்தது ஒரு சொல் மட்டும். ஒரு தெருவின் பெயர் லகூன் டிரைவ். லகூன் என்றால் காயல். அந்த மைதானத்தின் நடுவே ஒரு காயல் இருந்தது. தரை மறந்துவிட்டதைப் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டிருக்கிறது.

மைதானம் பிறந்த கதையே விசித்திரமானது. சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் என்பவர் அமெரிக்கக் கோல்ஃபின் தந்தை என்று சொல்லத்தக்கவர். 1872இல், பதினாறு வயதில், படிப்பதற்காக ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இந்த ஆட்டத்தின் மேல் பித்தாகி ஊர் திரும்பினார். 1895இல் நடந்த முதல் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் வென்றவர் அவர்தான். பிரிட்டனின் சிறந்த மைதானங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், எந்தக் குழி (கோல்ஃபில் குழி என்றால் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கிரீன் வரையுள்ள ஆட்டப்பாதை முழுவதும்) ஏன் நன்றாக இருக்கிறது என்று ஆராய்ந்து, வரைபடங்களோடு வந்து, லிடோவும் அடங்கும் லாங் ஐலண்ட் பகுதியின் இன்னொரு முனையில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸை அமைத்தார். அதற்கு நிலம் அளக்க அவர் கூட்டிவந்த உள்ளூர்ப் பொறியாளர் செத் ரேனர். ரேனர் கோல்ஃப் ஆடிப் பழகியவர் இல்லை. அளவைக் கருவியும் சங்கிலியுமாக வேலைக்கு வந்தவர், வாழ்நாள் முழுக்க மைதானம் அமைக்கிறவராகிவிட்டார். ஆட்டம் தெரியாமல் ஆட்டக்களத்தின் வளைவுகளை மட்டும் அறிந்த அந்த மனிதர்மீது எனக்கு ஒரு பாசம் உண்டு. தூரத்து உறவுக்காரரைப் பற்றிப் படிப்பதுபோல அவரைப் பற்றிப் படிக்கிறேன்.

1914 வாக்கில் இந்த இருவரிடமும் வந்த இடம் உப்புச் சதுப்பு. மேடில்லை, சரிவில்லை, அலைநீர் ஏறி இறங்கும் சேறு. ரேனால்ட்ஸ் கால்வாயின் அடியிலிருந்து சுமார் 20 லட்சம் கன கெஜம் மணலை உறிஞ்சி அதன்மேல் கொட்டினார்கள். நமது கணக்கில் 15 லட்சம் கன மீட்டர். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் லோடு. அதுவரை மைதானம் அமைப்பவர்கள் பெரும்பாலும் இருக்கிற நிலத்தோடு சமாதானம் பேசித்தான் குழிகளை அமைத்தார்கள். இங்கே ஒவ்வொரு மேடும் ஒருவர் மனதிலிருந்து இறங்கி வந்தது. மைதானத்தை நினைத்து வருந்துகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதற்கும் முன்னால் அந்த இடத்தில் புதைந்தது ஒரு சதுப்பு. நாணலும் நண்டும் கரைப்பறவையுமாக இருந்திருக்கக்கூடிய சேற்றின்மேல்தான் அந்த அழகு நின்றது என்பதை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு மனமில்லை.

மெக்டொனால்ட் தன் மனதிலிருந்து இறக்கியவையும் முழுக்கப் புதியவை அல்ல. லிடோவின் 3ஆவது குழி செயின்ட் ஆண்ட்ரூஸின் ஈடன். 10ஆவது, பிரெஸ்ட்விக்கில் இருக்கும் ஆல்ப்ஸ். பெரிய மேடு ஒன்று எதிரே நிற்க, கிரீன் கண்ணுக்குத் தெரியாமலே பந்தை அடிக்க வேண்டிய குழி. 16ஆவது, நார்த் பெர்விக்கின் ரெடான். கிரைமியப் போரில் பேர்பெற்ற கோட்டையின் பெயர் அதற்கு. கடலோரத்தில் ஓடிய 8ஆவது, பிரான்சின் பியாரிட்ஸ் ஊரில் இருந்த குழியின் வழியில் வந்தது. அந்த மூலக்குழி எப்போதோ அழிந்துவிட்டது. அதன் பிள்ளைகள்தான் அமெரிக்காவில் ஊர் ஊராக வாழ்கின்றன. 18ஆவதற்கு வேறு கதை. 1914இல் இங்கிலாந்தின் ‘கன்ட்ரி லைஃப்’ இதழ் ஒரு குழியை வடிவமைக்கும் போட்டி வைத்தது. அதில் வென்றவர் அலிஸ்டர் மெக்கென்ஸி என்ற மருத்துவர். பிற்காலத்தில் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்தவர் அவரே. காகிதத்தில் பரிசு வாங்கிய அவருடைய குழி, கொஞ்சம் மாற்றங்களோடு லிடோவின் கடைசிக் குழியாக மண்ணில் இறங்கியது. போட்டியின் நடுவர்களில் ஒருவரான பெர்னார்ட் டார்வின், உயிரினங்களின் தோற்றத்தை எழுதிய டார்வினின் பேரன். பிறகு லிடோவை நேரில் பார்த்து வியந்து எழுதினார்.

எல்லாவற்றிலும் பெயர்பெற்றது 4ஆவது குழி. சேனல் என்பார்கள். காயலின் நடுவே தீவுபோல ஒரு புல்துண்டு. முதல் அடியில் தண்ணீரைத் தாண்டி அதில் பந்தை இறக்கத் துணிந்தால் வழி குறுகும். துணிவில்லாதவர் கரையோடு சுற்றிப் போகலாம். ஆடத் தெரியாத எனக்கே அந்தத் தீவின் வரைபடத்தைப் பார்க்கும்போது கை பரபரக்கிறது.

ரேனர் 1926இல் இறந்தார், மெக்டொனால்ட் 1939இல். கடற்படை நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால். தான் கடலிலிருந்து எழுப்பியது தரைமட்டமாவதை அவர் பார்க்காமல் போனதில் எனக்கு ஓர் ஆறுதல். போருக்குப் பின் அதே ஊரில் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் வேறொரு மைதானம் அமைத்தார். அது இன்றும் இருக்கிறது, லிடோ என்ற பெயரோடுதான். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று மனிதர்கள் குடியிருக்கிறார்கள். 2012இல் சாண்டி புயல் வந்தபோது கடல் அந்தத் தீவின் தெருக்களில் ஏறி வீட்டுவாசல்களில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது.

பின்னர் பீட்டர் ஃப்ளோரி வருகிறார். சிகாகோவைச் சேர்ந்தவர், தொழில்முறை வடிவமைப்பாளர் அல்லர், பழைய மைதானங்கள்மேல் காதல் கொண்டவர். ‘தி கோல்ஃப் கிளப் 2019’ என்ற கணினி விளையாட்டில் ஆடுகிறவர்களே மைதானம் அமைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. லைடார் தரவை அதற்குள் ஏற்றும் கருவிகளை ஆர்வலர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் இருக்கிற மைதானங்களை அங்கே அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம். இல்லாத மைதானத்துக்கு அந்தப் பாதை மூடிக்கிடக்கிறது. ஃப்ளோரியிடம் இருந்தவை பழைய புகைப்படங்கள், விமானப் படங்கள், வரைபடங்கள், அந்த நாளில் ஆடியவர்களும் பார்த்தவர்களும் எழுதிவைத்த வரிகள். இவற்றை வைத்துக்கொண்டு பதினெட்டுக் குழிகளையும் அங்குலம் அங்குலமாக எழுப்பினார்.

அந்த உழைப்பின் அருமை, பழைய படத்திலிருந்து உயரம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் முழுசாக விளங்கும். புகைப்படம் நிலத்தைத் தட்டையாக்கும். ஆளுயரச் சரிவு படத்தில் விரிப்பின் மடிப்புப்போலத் தெரியும். நேர்மேலே இருந்து எடுத்த விமானப் படத்தில் உயரமே இல்லை, நிழல்தான் இருக்கிறது. ஒரு மேட்டின் நிழல் எவ்வளவு நீளம், அதே படத்தில் உயரம் தெரிந்த கம்பத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்று ஒப்பிட்டுத்தான் மேட்டின் உயரத்தை வாங்க வேண்டும். தரையிலிருந்து எடுத்த படம் என்றால் மனிதர்களே அளவுகோல். மணற்குழிக்குள் ஒருவர் நிற்கிறார். குழியின் விளிம்பு அவருடைய தொப்பிக்கு மேல் போகிறது. அவர் சராசரி உயரம் என்று கொண்டால் விளிம்பு ஆறு அடிக்குக் குறையாது. ஆனால் அவர் விளிம்பை ஒட்டி நிற்கிறாரா, நாலு எட்டு முன்னால் நிற்கிறாரா? முன்னால் நின்றால் கணக்கே மாறும். அவர் காலடியில் விழும் நிழல் எங்கே மடிகிறது என்று பார்க்க வேண்டும். நிழல் மடியும் இடத்தில் சரிவு தொடங்குகிறது. ஒரு படத்தில் இந்த ஒரு மடிப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை செய்ய வேண்டாம் என்றுகூடத் தோன்றும். நான் அனுபவித்திருக்கிறேன். படத்தில் நின்றவர் பந்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். நூறு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் தன் முழங்காலை வைத்து மண்ணை அளக்கப்போகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னோர் உதவியும் உண்டு. லிடோவின் பல குழிகளுக்கு உடன்பிறந்தவை வேறு ஊர்களில் உயிரோடிருக்கின்றன. லிடோவின் ரெடானைக் காட்டும் படம் மங்கலாக இருந்தால், அதே கைகள் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் ரெடானைப் பார்க்கலாம். சுவடிப் பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குண்டலகேசியும் வளையாபதியும் நமக்கு முழு நூலாகக் கிடைக்கவில்லை. உரைகாரர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதாலும், புறத்திரட்டுப் போன்ற தொகைகளில் இடம்பெற்றதாலும் சில பாடல்கள் தங்கின. தொலைந்ததை அதன் உறவுக்காரர் வீட்டில் போய் விசாரிப்பது நம் பதிப்பாசிரியர்களுக்கும் பழகிய வழிதான்.

ஆனால் இங்கேதான் ஒரு வேறுபாடு என்னை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்கிறது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும்போது, எழுத்துப் போன இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளிகள் வைப்பார். மூன்று சீர் இல்லை என்றால் அந்த இடம் வெற்றிடமாகவே நிற்கும். யூகித்துப் போட்டால் அடைப்புக்குறிக்குள் போடுவார். படிக்கிறவருக்கு எது ஏடு, எது பதிப்பாசிரியர் என்று தெரியும். அந்தப் புள்ளிகளில் ஒரு பணிவு இருக்கிறது.

நிலத்துக்குப் புள்ளி வைக்க முடியாது. உயரத் தரவு என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து அந்த ஓட்டைக்குள் விழுந்து அடியில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தெரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே தெரியாத இடம் வந்தால் இடைக்கணிப்பு செய்கிறோம். இங்கே 4.2 மீட்டர், அங்கே 5.0 மீட்டர், நடுவில் இருபது மீட்டருக்கு ஒன்றும் தெரியாது என்றால், கணினி இரண்டையும் வழவழவென்று ஒரு சரிவால் இணைத்துவிடும். நிஜத்தில் அங்கே ஒரு திடீர் மடிப்பு இருந்திருக்கலாம். பந்தை ஏமாற்றித் திருப்பும் சின்ன முதுகு இருந்திருக்கலாம். மெக்டொனால்டின் முழுக் குறும்பும் அந்த இருபது மீட்டருக்குள்தான் இருந்ததோ என்னவோ. பிறகு எல்லாவற்றின் மேலும் ஒரே பச்சைப் புல்லைப் போர்த்துகிறோம். நிழலை அளந்து பெற்ற உயரத்துக்கும், உடன்பிறந்த குழியிடம் கடன்வாங்கிய உயரத்துக்கும், ஒரு நள்ளிரவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று விரல் முடிவுசெய்த உயரத்துக்கும் ஒரே புல்.

ஃப்ளோரியின் உழைப்பைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கிடைத்த ஒவ்வொரு படத்தின் முன்னும் தன் மைதானத்தை நிறுத்தி, பொருந்தாத இடத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தியவரின் வேலைக்கு முன்னால் எனக்கு வணக்கம்தான் இருக்கிறது. என் மனக்குறை எங்கள் கருவிகள்மேல். ஒவ்வொரு கட்டத்திலும் உயர எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது எண் ஒன்றையும் சேர்த்துவைக்க முடியும்: இந்த உயரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண். ஐயத்துக்கு என்று தனிப் படலம். கடலடியை அளப்பவர்கள் அப்படி வைத்துக்கொள்வதுண்டு, ஏனென்றால் அங்கே ஊகம் தவறினால் கப்பல் தரைதட்டும். தொலைந்த இடங்களைத் திரும்பக் கட்டுகிறவர்களும் அப்படி ஒரு படலத்தை வைத்தால், பொத்தானை அழுத்தியதும் புல் விலகி, தெரிந்த இடம் தெளிவாகவும் தெரியாத இடம் மங்கலாகவும் நிற்கும். லிடோவை அப்படி ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறேன். நம் கையில் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு போனது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். துக்கத்துக்கும் அளவு தெரிய வேண்டும் அல்லவா.

கதை திரையோடு நின்றிருந்தால் என் கவலையும் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் ஃப்ளோரியின் லிடோ திரையைவிட்டு வெளியே வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் சேண்ட் வேலி என்ற கோல்ஃப் விடுதியை நடத்தும் கைசர் சகோதரர்கள், டாம் டோக் என்ற வடிவமைப்பாளரை வைத்து அதை உண்மையாகவே கட்டினார்கள். விளையாட்டுக்காகச் செய்த மாதிரியை அளவைத் தரவாக மாற்றி, ஜி.பி.எஸ். பொருத்திய புல்டோசர்களுக்குக் கொடுத்தார்கள். தகட்டின் முனை எந்த இடத்தில் எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்று கோப்பு சொல்ல, இயந்திரம் மண்ணை வழித்தது. 2023இல் மைதானம் திறந்தது. 1917இல் போலவே சமதளத்தில் மணலைக் குவித்து எழுப்பிய மேடுகள். ஈடனும் ஆல்ப்ஸும் ரெடானும் தத்தம் இடத்தில். தீவோடு கூடிய அந்த 4ஆவது குழியும்.

கடல் மட்டும் இல்லை. அந்த இடத்திலிருந்து அட்லாண்டிக் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் மணல் பொய்யில்லை. பனியுகத்தின் இறுதியில் அங்கே பெரிய பனியாற்று ஏரி ஒன்று இருந்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் பனி அணை உடைந்து அது வடிந்தபோது அடியில் கிடந்த மணல் வெளியே வந்தது. முதல் லிடோ கால்வாயின் அடிமணல். இரண்டாவது லிடோ காணாமல்போன ஏரியின் அடிமணல். உப்புக்காற்று இல்லாத ஊரில் அந்த மேடுகளுக்கு என்ன பொருள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. மெக்டொனால்டும் ஸ்காட்லாந்தைக் கடல்தாண்டிக் கொண்டுவந்தவர்தானே. பியாரிட்ஸில் தாய் போய் அமெரிக்காவில் பிள்ளைகள் தங்கியதை நினைத்தால், ஓர் இடத்தின் வடிவம் ஊர் மாறியும் பிழைக்கலாம் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

நான் நினைப்பது வேறு. அந்தப் பதினெட்டுக் குழிகளில் எங்கோ ஓர் இருபது மீட்டர், எந்தப் புகைப்படத்திலும் விழாத இருபது மீட்டர் இருக்கும். ஒரு மனிதர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று இழுத்துவிட்ட சரிவு. இப்போது அது மண். விஸ்கான்சினின் பனி நவம்பரில் அதன்மேல் விழுந்து வசந்தத்தில் உருகி வழிகிறது. வழிந்த தண்ணீர் தனக்கென்று ஒரு தடம் கீறுகிறது. புல்லின் வேர் அதைப் பிடித்திருக்கிறது. ஆடுகிறவர்கள் காலால் மிதித்து மிதித்து ஒரு பக்கத்தைத் தாழ்த்தியிருப்பார்கள். என்றாவது ஒருநாள் அந்த மாநிலத்தின் மேல் மறுபடியும் அளவை விமானம் பறக்கும். லேசர்த் துடிப்பு இறங்கி, அந்தச் சரிவைத் தொட்டு, திரும்பிப் போகும். எங்களைப்போல ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மரங்களுக்கு 5 என்றும், விடுதிக் கட்டடத்துக்கு 6 என்றும் போட்டுக்கொண்டே வருவார். அந்த இருபது மீட்டரில் விழுந்த புள்ளிகளுக்கு 2 என்று போடுவார்.